பத்து அட்டை ஒட்டினால் ஒரு கதிரை

யாழ்ப்பாணத்தில் ஆனைக்கோட்டையில் எனக்கு ஒரு சின்னத் தச்சுப் பட்டறை இருக்கிறது. கதவு, யன்னல், சாமியறை அலுமாரி, கட்டில் என்று இருபது வருடமாக அதே வேலைதான். போன வருடம் ஆவணியில் முன்பள்ளி ரீச்சர் ஒருவர் பட்டறைக்கு வந்தார். நாவாந்துறைக் கடலோரத்தில் ஒரு சனசமூக நிலையத்தின் பின்னறையை ஊர் ஆட்கள் தந்திருக்கிறார்கள், நடக்கவும் இருக்கவும் ஏலாத பிள்ளைகளைப் பகலில் அங்கே வைத்துப் பார்க்கப் போகிறோம், கதவை மட்டும் கொஞ்சம் அகட்டித் தர வேணும் என்று கேட்டார். அரை நாள் வேலை என்று நினைத்துப் போனேன். பதினான்கு மாதம் ஆகிறது. இப்போதும் என் சனிக்கிழமைகள் அங்கேதான் போகின்றன.

இதை எழுதுவதற்குக் காரணம், வேறு ஊர்களில் இப்படி ஓர் அறை தொடங்க நினைக்கிறவர்கள் நாங்கள் விட்ட பிழைகளைத் திரும்பவும் விடக்கூடாது. நாங்கள் பிழைவிட்ட ஒவ்வொரு முறையும் ஒரு பிள்ளை அதற்காகக் கஷ்டப்பட்டது.

முதல் பிழை நேரத்தில் வந்தது. முன்பள்ளி மாதிரிக் காலை எட்டரைக்குத் திறந்து பன்னிரண்டரைக்குப் பூட்டுவது என்று ரீச்சர் திட்டம் போட்டிருந்தார். முதல் கிழமை இரண்டு பிள்ளைகள்தான் வந்தார்கள். வீடு வீடாகப் போய்க் கேட்டபோதுதான் விசயம் தெரிந்தது. அந்தப் பகுதித் தாய்மார் பலர் விடிய ஐந்து மணிக்கே மீன் சந்தைக்குப் போகிறவர்கள். மற்றவர்கள் நண்டு உடைக்கிற வேலைக்கு ஆறு மணிக்கு வான் ஏறுகிறவர்கள். எட்டரைக்குத் திறக்கிற அறையால் அவர்களுக்கு என்ன பயன்? ஒரு தாய் வாசற்படியில் இருந்து மீன் கூடையைக் கழுவிக்கொண்டே சொன்னார்:

“சேலைத் தலைப்பால கட்டில் காலோட கட்டிப்போட்டுத்தான் தம்பி போறனான். உருண்டு விழுந்திட்டா ஆர் பாக்கிறது? வந்து அவிட்டு விடேக்க மணி ஒண்டாயிடும்.”

எட்டு மணித்தியாலம். பிள்ளைக்கு வயது ஆறு. அந்தத் தாய்க்குப் பிள்ளையில் அன்பில்லை என்று யாராலும் சொல்ல முடியாது. வேலைக்குப் போகாவிட்டால் அன்றைக்குச் சாப்பாடு இல்லை, அவ்வளவுதான்.

அடுத்த கிழமையே நேரத்தை மாற்றினோம். பாங்குச் சத்தமும் கோயில் மணியும் கேட்கிற விடியப்புறத்தில், ஐந்து மணிக்கு முன்னரே அறை திறக்கும். இரண்டு மணிக்குப் பூட்டும். முதல் மூன்று மணித்தியாலத்தை அயலில் இருக்கிற இரண்டு அம்மம்மாமார் முறை வைத்துப் பார்த்தார்கள். ரீச்சர் எட்டு மணிக்கு வருவார். பத்து நாளுக்குள் ஒன்பது பிள்ளைகள் சேர்ந்துவிட்டார்கள். அதுவரை அறையில் ஒரு பாயும் இரண்டு தலையணையும் தவிர வேறு எதுவும் இல்லை. நேரம் சரியானதும் பிள்ளைகள் வந்தார்கள். தளபாடம் பிறகுதான் வந்தது.

யாழ்ப்பாணத்தில் சிறப்புப் பாடசாலைகள் இல்லையா என்று சிலர் கேட்பார்கள். இருக்கின்றன. காது கேளாத, பார்வையற்ற பிள்ளைகளுக்குக் கைதடியில் நவீல்ட் பாடசாலை இருக்கிறது. அறிவு வளர்ச்சி பின்தங்கிய பிள்ளைகளுக்குக் கோண்டாவிலில் சிவபூமிப் பாடசாலை இருக்கிறது. இரண்டும் பெரிய சேவை. ஆனால் கழுத்து நிற்காத பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, பஸ் ஏறி இறங்கி, பிறகு ஐந்து மணிச் சந்தையையும் பிடிக்க ஒரு தாயால் ஏலாது. அவர்களுக்கு நடந்து வருகிற தூரத்தில் ஓர் இடம் வேணும்.

சாய்தளம்

கதவு வேலையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. இருபத்தெட்டு அங்குலமாக இருந்த நிலையைக் கழற்றி, இரண்டு கல் வெட்டி, முப்பத்தாறு அங்குலமாக வைத்தேன். கீழ் நிலைப்படியை அடியோடு எடுத்துவிட்டேன். நிலைப்படி இல்லாமல் வாசல் வைப்பது எங்கள் ஆட்களுக்குக் கொஞ்சம் மனச்சங்கடம்தான். ரீச்சர் தரையில் அதே இடத்தில் மாக்கோலம் போட்டுவிட்டார், சரி என்றார்கள்.

சாய்தளம் அப்படி லேசில் முடியவில்லை. மழைக்கு வெள்ளம் நிற்கிற இடம் என்பதால் கட்டடத்தின் அத்திபாரத்தை நிலத்தில் இருந்து பதினெட்டு அங்குலம் உயர்த்தியிருந்தார்கள். மேசன் ஒருவர் தன் கூலியை விட்டுக்கொடுத்து, ஒரே நாளில் எட்டு அடி நீளத்தில் ஒரு சாய்தளம் போட்டுத் தந்தார். பார்க்க வடிவாக இருந்தது. மூன்றாம் நாள் ஓர் அம்மம்மா பேரனைச் சக்கர நாற்காலியில் வைத்து மேலே தள்ளினார். பாதி வழியில் அவருக்குக் கை சோர்ந்துவிட்டது. நாற்காலி பின்னால் சரிந்து, பிள்ளை அவர் மேல் விழுந்தது. பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. அம்மம்மாவின் மணிக்கட்டு வீங்கிப்போனது.

அன்றைக்குத்தான் உட்கார்ந்து கணக்குப் பார்த்தோம். எல்லோரும் ஒத்துக்கொண்ட அளவு ஒன்றுக்குப் பன்னிரண்டு. ஓர் அங்குலம் உயர வேண்டுமானால் பன்னிரண்டு அங்குலம் ஓட வேணும். பதினெட்டு அங்குல உயரத்துக்குப் பதினெட்டு அடி. எங்கள் முற்றத்தில் நேராக ஓட விட்டால் பதினைந்து அடிதான் கிடைக்கும். ஆகவே ஒன்பது அடி ஏறி, அங்கே ஐந்துக்கு ஐந்து அடியில் ஒரு சமதளம், அதில் திரும்பிச் சுவரோடு மறுபடி ஒன்பது அடி என்று மடித்துப் போட்டோம். அந்தச் சமதளம் திரும்புவதற்கு மட்டுமில்லை. தள்ளுகிறவர் மூச்சு வாங்கவும் அதுதான் இடம்.

உடைத்துத் திரும்பக் கட்டுவது வீண் செலவு என்று ஓரிருவர் முணுமுணுத்தார்கள். இது யாரும் இரங்கிச் செய்கிற காரியம் இல்லை என்பதை அவர்களுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்க இலங்கையில் 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. பொதுக் கட்டடங்களுக்குள் அவர்கள் தடையில்லாமல் போய்வருவதற்கான ஒழுங்குவிதிகள் 2006 இல் வந்தன. அவை ஏட்டோடு கிடக்காமல் நடைமுறைக்கு வர வேணும் என்று, தானே சக்கர நாற்காலியில் இருந்த அஜித் பெரேரா உச்ச நீதிமன்றம் போனார். 2011 இல் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்புக் கிடைத்தது. சனசமூக நிலையமும் ஒரு பொதுக் கட்டடம்தானே. இதைச் சொன்ன பிறகு முணுமுணுத்தவர்களில் ஒருவரே மண் சுமந்தார்.

சாய்தளம் போடுகிறவர்களுக்கு இன்னும் சில விசயங்கள். கடற்கரை மண்ணைக் கலவைக்கு எடுக்கவே கூடாது. பக்கத்தில் சும்மா கிடக்கிறதே என்று ஆசை வரும், ஆனால் உப்பு உள்ளே இருக்கிற கம்பியைத் தின்றுவிடும். மேற்பரப்பை மட்டக்கட்டையால் வழவழவென்று இழுக்காமல், கலவை இறுக முன்னம் ஈர்க்கு விளக்குமாற்றால் குறுக்காக இழுத்துவிடுங்கள். மழையிலும் கால் வழுக்காது. இரண்டு ஓரத்திலும் மூன்று அங்குல உயரத்துக்கு வரம்பு கட்டுங்கள், சக்கரம் வெளியே இறங்காது. கைபிடிக்குச் சாதாரண இரும்புக் குழாய் போட்டால் இரண்டு மாரி தாண்டாது. நாங்கள் துத்தநாகம் பூசிய கல்வனைஸ் பைப் போட்டோம்.

கதிரை

இனி நான் அதிகம் படித்த பாடத்துக்கு வருகிறேன்.

சேலையால் கட்டிவைத்த அந்தப் பிள்ளையின் வீட்டில் ஒரு சக்கர நாற்காலி இருந்தது. ஒரு நிறுவனம் கூட்டம் வைத்து, படம் எடுத்துக் கொடுத்தது. பெரிய ஆளுக்கான அளவு. பிள்ளையை அதில் இருத்தினால் ஒரு பக்கம் சாய்ந்து, வழுகி, கால்மிதிக்கு எட்டாத கால் அந்தரத்தில் தொங்கும். வீட்டில் அதில் உடுப்புக் காயப்போட்டிருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த நாற்காலி அந்தப் பிள்ளைக்கானது இல்லை.

நான் செய்து தாறன் என்று சொன்னேன். மகோகனியில் செய்தேன். நல்ல வேலைப்பாடு, மூலையெல்லாம் உருட்டி, மூன்று கை வார்னிஷ் அடித்தேன். பாயில் படுத்திருந்த பிள்ளையைக் கண்ணால் பார்த்து எடுத்த அளவு. இருத்திய ஐந்து நிமிடத்தில் பிள்ளை முன்னால் வழுகிவிட்டது. முதுகு வளைந்து, நாடி நெஞ்சில் விழுந்தது. தலை விழுகிறதே என்று நெற்றிக்கு ஒரு பட்டி போட்டேன். பிள்ளை அழுதது. அந்த அழுகை எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

மாதம் ஒரு தடவை தன் விடுமுறை நாளில் வருகிற இயன்மருத்துவர் தங்கச்சி அதைப் பார்த்தார். பட்டியை அவிழ்த்துவிட்டுச் சொன்னார்: “அண்ணை, தலையைப் பிடிக்காதேங்கோ. இடுப்பைப் பிடியுங்கோ. இடுப்பு இருந்தா தலை தானா வரும்.”

தச்சனுக்கு அது உடனே விளங்கியது. அத்திபாரம் சரிந்தால் கூரைக்கு முண்டு கொடுத்து என்ன பயன்? நான் செய்த கதிரையின் இருக்கை இரண்டு அங்குலம் நீளம் கூட. அதன் முன் விளிம்பு பிள்ளையின் கெண்டைக்காலில் முட்டியது. முட்டவே பிள்ளை முன்னுக்கு வழுகியது. வழுகவே இடுப்பெலும்பு பின்னால் மடிந்தது. முதுகு கூனியது, கழுத்து விழுந்தது. எல்லாவற்றுக்கும் காரணம் அந்த இரண்டு அங்குலம்.

அன்று முதல் நான் அளவு எடுக்கிற முறை இது. பிள்ளையைத் தாய் ஒரு பலகையில் இருத்திப் பிடித்துக்கொள்ள வேணும். முதுகின் பின்பக்கத்தில் இருந்து முழங்காலின் உள்மடிப்பு வரை அளந்து, அதில் ஓர் அங்குலம் கழித்தால் இருக்கையின் ஆழம். முழங்கால் மடிப்பில் இருந்து குதிக்கால் வரை எடுத்தால் கால்மிதி எவ்வளவு கீழே வர வேணும் என்று தெரியும். இடுப்பின் அகலத்தோடு இரண்டு பக்கமும் ஒரு விரல் விட்டால் இருக்கையின் அகலம். இருக்கையில் இருந்து அக்குள் வரை ஒன்று, தோள் வரை ஒன்று. கடைசியாக மடக்கிய முழங்கையின் உயரம், கதிரைக்கு முன்னால் பொருத்துகிற தட்டு அந்த மட்டத்துக்கு வரும். இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூன்றும் மூலைமட்டம் வைத்தது போல மடிந்து இருக்க வேணும். கால் இரண்டும் கத்தரிக்கோல் மாதிரிப் பின்னுகிற பிள்ளைக்கு முழங்கால்களுக்கு நடுவில் ஒரு மெத்தைக் கட்டை. முதுகு தாங்காத பிள்ளைக்கு இருக்கையும் முதுகும் சேர்ந்தபடியே கொஞ்சம் பின்னால் சாய வேணும். முதுகுப் பலகையை மட்டும் சாய்த்தால் பிள்ளை திரும்பவும் வழுகும்.

பட்டி போடுகிற இடமும் முக்கியம். வயிற்றுக்குக் குறுக்காகப் போடக்கூடாது. தொடையும் இடுப்பும் சேருகிற மடிப்பின் மேலே, பின்னாலும் கீழாலும் இழுக்கிற மாதிரிப் போட வேணும். பழைய வாகனங்களின் சீற் பெல்ற் இதற்கு நல்லது, பழைய இரும்புக் கடையில் கிடைக்கும்.

சரி, அளவு தெரிந்துவிட்டது. ஆனால் மகோகனியில் ஒன்பது பிள்ளைகளுக்கு எப்படிச் செய்வது? 2022 இல் நாட்டுக்கு வந்த பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு பிளைவுட் சீற் ஒன்று வாங்குவதற்கே யோசிக்க வேண்டியிருக்கிறது. பனை கடினமான மரம், ஆனால் தறிக்க அனுமதி எடுக்க வேணும், பாரமும் கூட. அதோடு பிள்ளைகள் வளர்வார்கள். ஆறு மாதத்தில் அளவு மாறுகிற ஒன்றை மகோகனியில் செய்வது சரியில்லை.

இயன்மருத்துவர் தங்கச்சிதான் கைத்தொலைபேசியில் சில படங்களைக் காட்டினார். சிம்பாப்வேயில் பெவில் பாக்கர் என்பவர் வளர்த்தெடுத்த முறை. பழைய அட்டைப்பெட்டியையும் கோதுமை மாப் பசையையும் வைத்தே மேசை, கதிரை, பிள்ளையை நிற்கவைத்துத் தாங்குகிற சட்டம் எல்லாம் செய்கிறார்கள். எனக்கு நம்பிக்கை வரவில்லை. அட்டையில் மனுசர் இருக்கிறதா? ஒரு துண்டு செய்து பார்த்தேன். பத்து அட்டை ஒட்டிக் காயவைத்த பலகையை இரண்டு கல்லுக்கு நடுவில் வைத்து ஏறி நின்றேன். என் எடை எழுபது கிலோ. அசையவில்லை.

செய்கிற விதத்தை விளக்கமாகச் சொல்கிறேன். பிஸ்கற், பால்மா வருகிற தடித்த பெட்டிகளைக் கடைகளில் சும்மாவே தருவார்கள். எண்ணெய் ஊறினது, மீன் வாடை அடிக்கிறது வேண்டாம். பெட்டியை விரித்து, மடிப்பு இல்லாத பகுதியை மட்டும் வெட்டி எடுக்க வேணும். அட்டையின் நடுவில் அலை அலையாக ஒரு தாள் ஓடும். முதல் அட்டையில் அந்த அலை நெடுக்காக ஓடினால் அடுத்ததைக் குறுக்காக வைத்து ஒட்ட வேணும். பிளைவுட்டின் பலம் எங்கிருந்து வருகிறதோ அதே காரணம்தான் இதற்கும். பத்து அட்டை சேர்ந்தால் ஓர் அங்குலத்துக்குக் கொஞ்சம் கூட வரும். அது இருக்கைக்குப் போதும்.

பசைக்கு ஒரு கோப்பை கோதுமை மாவைப் பச்சைத்தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, ஐந்து கோப்பை கொதிநீரில் ஊற்றி, அடிப்பிடிக்காமல் கிண்டி, கண்ணாடி போல வரும்போது இறக்க வேணும். ஆறின பிறகு தூரிகையால் மெல்லிசாகப் பூசினால் போதும். கனக்கப் பூசினால் பலம் கூடாது, காய்கிற நாள்தான் கூடும். ஒட்டிய அடுக்கைச் சமனான தரையில் வைத்து, மேலே ஒரு பலகை போட்டு, நாலு சீமெந்துக் கல்லை ஏற்றி ஒரு நாள் விட வேணும். பிறகு வெயில்.

வெயிலில்தான் எங்களுக்கு இரண்டு பாடம். முதல் தொகுதியை ஐப்பசியில் ஒட்டினேன். வாடைக் காற்றோடு மழை பிடித்துக்கொண்டது. பத்து நாளாகியும் உள்ளே ஈரம் போகவில்லை. பச்சையும் கறுப்புமாகப் பூஞ்சணம் பிடித்து, நாலு பலகையும் எரிக்க வேண்டியதாயிற்று. பூஞ்சணம் பிடித்த ஒன்றில் நெஞ்சுச்சளி உள்ள பிள்ளையை இருத்த முடியாது. பசையில் உப்புப் போட்டால் பிடிக்காது என்று ஒருவர் சொன்னதைக் கேட்டுச் செய்து பார்த்தேன். கடற்கரைக் காற்றில் உப்பு ஈரத்தை இழுத்து, பலகை காயவே மறுத்தது. மாரி முடியட்டும் என்று விட்டுவிட்டு, தை பிறந்த பிறகு தொடங்கினோம். மாசி, பங்குனி வெயில் இதற்கு மிக நல்லது, நாலு நாளில் காய்ந்துவிடும். வைகாசியில் சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று தொடங்கியதும் அடுத்த பிரச்சினை வந்தது. அந்தக் காற்று மேல்பக்கத்தை ஒரே நாளில் காயவைக்கிறது. உள்ளே ஈரம், மேலே காய்ச்சல், பலகை வள்ளம் மாதிரி வளைந்துவிடும். இப்போது சோளக நாளில் நிழலில் வைத்துத்தான் காயவைக்கிறோம். காலையிலும் பின்னேரத்திலும் திருப்பிப் போட வேணும்.

எறும்பும் கரப்பானும் மாப் பசையைத் தேடி வரும். மயில்துத்தம் கலந்தால் வராது என்று எனக்குத் தெரியும். ஆனால் எங்கள் பிள்ளைகளில் மூன்று பேர் கையில் அகப்படுவதை எல்லாம் வாயில் வைப்பவர்கள், நஞ்சு சேர்க்க முடியாது. வேப்பிலை அவித்த தண்ணீரில் மாவைக் கரைத்து, கடைசியாகச் சில துளி கராம்பு எண்ணெய் விடுகிறோம். பலகைகளைப் பொருத்தின பிறகு மூட்டு, விளிம்பு, துளை எல்லாவற்றையும் கடதாசிக் கீலங்களால் மூன்று நாலு தரம் சுற்றி ஒட்ட வேணும். வெட்டு முகம் ஓரிடத்திலும் வெளியே தெரியக்கூடாது. அதன் வழியாகத்தான் ஈரம் போகும். முழுதும் காய்ந்த பிறகு ஈயம் சேராத பெயின்ற் இரண்டு கை, மேலே வார்னிஷ் ஒரு கை. நான் ஏறி இருந்து ஆட்டிப் பார்த்த பிறகுதான் பிள்ளையை இருத்துவது.

மகோகனிக் கதிரை பதினொரு கிலோ. அட்டைக் கதிரை நாலு கிலோ. அம்மம்மா ஒருவரே ஒரு கையால் தூக்கி முற்றத்துக்குக் கொண்டுபோகிறார்.

அந்த ஆறு வயதுப் பிள்ளையைப் புதுக் கதிரையில் இருத்திய நாள் மாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை. இடுப்புப் பட்டியை மாட்டி, காலை மிதியில் வைத்து, தட்டைப் போட்டோம். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு தலை மெல்ல எழும்பியது. ஆடியது, விழுந்தது, திரும்ப எழும்பியது. வாசலில் நின்ற தாயைப் பார்த்தது. “என்ர பிள்ளை என்னைப் பாக்குது” என்று அந்தத் தாய் இரண்டு தரம் சொன்னார். ஆறு வருடமாகப் படுத்தபடி கூரையைப் பார்த்த பிள்ளை அது.

சாப்பாடு

கதிரை சரியானதும் சாப்பாட்டில்தான் பெரிய மாற்றம் வந்தது. முன்னர் எல்லோரும் மடியில் படுக்கவைத்து, தலையை அண்ணாக்கப் பிடித்து, கரண்டியால் ஊற்றித்தான் தீத்தினார்கள். வாய்க்குள் ஊற்றினால் தானாக இறங்கும் என்ற நினைப்பு. அண்ணாந்த கழுத்தில் மூச்சுக்குழாயின் வாசல் திறந்து கிடக்கும். தேத்தண்ணீர் அதற்குள் போகிறது. இருமல், நெஞ்சுச்சளி, பிறகு நியூமோனியா என்று ஆஸ்பத்திரி வாட்டு. இந்தப் பிள்ளைகள் அடிக்கடி நெஞ்சுச்சளி வந்து கிடந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

நிமிர்ந்து இருந்து, நாடி கொஞ்சம் உள்ளே வந்து, கரண்டி முன்னாலும் கீழாலும் இருந்து வர வேணும். தண்ணீர்ப் பதமானவைதான் கூடுதல் ஆபத்து, ஓடிப்போய்விடும். கூழ்ப் பதம் நல்லது. எங்கள் ஆட்களுக்குக் காலையில் புட்டு இல்லாமல் சரிவராது, ஆனால் உதிரிப் புட்டு இந்தப் பிள்ளைகளின் தொண்டைக்கு ஒத்துவராது. வாழைப்பழத்தையும் பாலையும் விட்டுப் பிசைந்து களியாக்கினால் நல்லாகச் சாப்பிடுவார்கள். குழையச் சோறு, பருப்பு, மசித்த பூசணி, உழுத்தங்களி எல்லாம் நல்லது.

குடிப்பதற்கு ரீச்சர் கண்டுபிடித்து வந்த வழி எனக்குப் பெரிய ஆச்சரியம். யோகட் கோப்பை ஒன்றின் விளிம்பில், மூக்கு வருகிற இடத்தை அரைவட்டமாக வெட்டிவிட வேணும். வெட்டு மூக்குப் பக்கம், முழு விளிம்பு உதட்டுப் பக்கம். கோப்பையைச் சரித்தால் மூக்கில் இடிக்காது, அதனால் தலை பின்னால் போகத் தேவையில்லை. வெட்டின விளிம்பைச் சூடான கரண்டியால் மழுக்க வேணும், இல்லாவிட்டால் முகத்தைக் கீறும். காசு செலவில்லை. முழுக் கதிரை செய்ய வழியில்லாத வீட்டில்கூட இன்றைக்கே இதைச் செய்யலாம்.

தகப்பன்மார்

முதல் ஐந்து மாதம் தகப்பன்மார் ஒருவரும் உள்ளே வரவில்லை. வாசலில் பிள்ளையை விட்டுவிட்டுச் சைக்கிளைத் திருப்பிவிடுவார்கள். பேசிப் பார்த்தோம், கூட்டம் வைத்தோம், பலனில்லை. ஒருநாள் ஊஞ்சலுக்குக் கயிறு கட்டத் தெரியாமல் நான் நின்றபோது, வெளியே நின்ற ஒருவர், “அந்த முடிச்சு நிக்காது அண்ணை, விடுங்கோ” என்று உள்ளே வந்தார். அடுத்த நாள் பழைய வலை ஒன்றைக் கொண்டு வந்து, கண் கண்ணாக இழுத்துப் பார்த்து, நைந்த இடத்தை வெட்டிவிட்டு, மூன்று மடிப்பாகப் போட்டு ஒரு தொட்டில் ஊஞ்சல் முடிந்தார். வலைக்கண்ணில் விரல் மாட்டும் என்று அவரே உள்ளே பழைய சாரம் ஒன்றைத் தைத்துவிட்டார். உடம்பு விறைத்துப்போகிற பிள்ளைகள் அதில் மெதுவாக ஆடும்போது தளர்ந்து வருகிறார்கள். அதன் பிறகுதான் கை கால் அசைக்கிற பயிற்சி.

பைபர் வள்ளம் பழுதுபார்க்கிற ஒருவர் மலசலகூடத்துக்குத் தீர்வு தந்தார். எங்கள் மலசலகூடம் குந்தி இருக்கிற வகை. குந்த ஏலாத பிள்ளைகளுக்கு பம்பஸ்தான் வழி. அதன் விலை ஒரு பக்கம், உப்புக் காற்றிலும் வெக்கையிலும் தொடை வெந்து புண்ணாகிறது இன்னொரு பக்கம். பிளாஸ்ரிக் கதிரை ஒன்றின் நடுவை வெட்டி வைத்துப் பார்த்தோம், காலெல்லாம் அகண்டுவிட்டது. அவர் அந்த வெட்டைச் சுற்றியும் அடியிலும் பைபர் பாயும் றெசினும் போட்டு இறுக்கினார். நான் கீழே நாலு காலையும் சேர்த்து ஒரு மரச்சட்டம் அடித்தேன். பைபரை அப்படியே விட்டால் தோலில் முள் ஏறும். வள்ளத்துக்குப் பூசுகிற ஜெல்கோற்றை மேலே பூசி, தேய்த்து மினுக்கி, வாடை முழுதும் போகும் வரை இரண்டு கிழமை வெளியே வைத்தோம். இப்போது நாலு பிள்ளைகள் பகலில் பம்பஸ் இல்லாமல் இருக்கிறார்கள். பத்து வயது மூத்தவன் தனக்கு வருகிறது என்று கையால் தட்டிக் காட்டுகிறான். அவனுக்கு அது எவ்வளவு பெரிய விசயம் என்பதை அவன் முகத்தில் பார்க்க வேணும்.

சத்தத்தைப் பற்றியும் ஒன்று. ஓட்டிசம் உள்ள ஒரு பொடியன் தகரக் கூரையில் மழை விழத் தொடங்கினால் காதைப் பொத்திக்கொண்டு சுவரில் தலையை மோதுவான். தகரத்துக்கு மேல் கிடுகு வேய்ந்தோம். சத்தம் பாதியாகக் குறைந்தது, வெக்கையும் குறைந்தது. பெரிய குளிர்சாதனப் பெட்டி வந்த அட்டை ஒன்றை மூலையில் நிறுத்தி, உள்ளே தலையணை போட்டு வைத்தோம். மழை இருட்டினால் அவனே அதற்குள் போய் இருப்பான். அவனை யாரும் வெளியே இழுப்பதில்லை என்பது அறையின் சட்டம். நான் அறுக்கிற வேலைகளை எல்லாம் பட்டறையிலேயே முடித்துவிட்டு வருவதும் அவனுக்காகத்தான்.

இப்போது

போன சனிக்கிழமை ஆறு மாத அளவு எடுத்தோம். அளவுக் கொப்பியை ரீச்சர் பிடிக்க, தாய்மார் ஒவ்வொருவராகப் பிள்ளையை இருத்திக் காட்டினார்கள். முன்னர் என் கையில் இருந்த அளவுநாடா இப்போது அவர்கள் கையில் இருக்கிறது. முழங்கால் மடிப்பில் இருந்து ஓர் அங்குலம் கழிக்க வேணும் என்று ஒரு தாய் இன்னொரு தாய்க்குச் சொல்லிக்கொடுத்தார். அந்த ஆறு வயதுப் பிள்ளைக்கு இப்போது ஏழாகிவிட்டது. இருக்கை ஆழம் ஒன்றரை அங்குலம் கூடியிருக்கிறது. அவளின் பழைய கதிரையை, முதுகுக்குப் பின்னாலும் இரண்டு பக்கமும் மெத்தை வைத்து, புதிதாக வந்த மூன்று வயதுப் பிள்ளைக்குக் கொடுக்கப் போகிறோம். அவளுக்குப் புதிது செய்ய வேணும்.

பெட்டிகள் பட்டறையில் குவிந்து கிடக்கின்றன. வானம் மேற்கே கறுத்துக்கொண்டு வருகிறது. மழை பிடிக்க முன்னம் இந்தக் கிழமைக்குள் பத்து அட்டையும் ஒட்டிக் காயவைத்துவிட்டால், மார்கழிக்கு அவள் புதுக் கதிரையில் இருப்பாள். எந்த நிறம் வேணும் என்று கேட்டோம். வாய் பேச வராது. தட்டில் வைத்த நாலு பெயின்ற் மூடிகளைக் கன நேரம் பார்த்துவிட்டு, கையை இழுத்து இழுத்துக் கொண்டுபோய் மஞ்சளில் வைத்தாள்.